நடு உறையாத ஐஸ்

பயப்படுவதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. எங்கள் ஊரில் சிலர் நீச்சலுக்குப் பேர் போனவர்கள், சிலர் வலை முடிவதற்கு, சிலர் சர்ச்சுப் பங்குப் பேரவையில் நாற்காலியைத் தூக்குவதற்கு. நான் பயத்துக்கு. இரண்டாயிரத்து நாலாம் வருடக் கடைசியில் கடல் ஊருக்குள் வந்து போனபோது எல்லோரும்தான் பயந்தார்கள். கொஞ்ச நாளில் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். நான் மட்டும் எடுத்த காரியத்தை விடவில்லை. குளியலறைக் குழாயில் காற்று அடைத்துக் குறட்டை விட்டாலும் கட்டிலில் ஏறி நின்றுகொள்வேன். கல்யாணமாகாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று என் அக்கா சொல்வாள். மற்ற காரணங்களை நான் கேட்டதில்லை.

அடுத்த வருடம் அத்தான் கல்ஃபிலிருந்து திரும்பி வந்தார். அக்காவைக் கட்டிய மறுவருடமே போனவர் அவர். அங்கே பெரிய குளிர்கிடங்கு ஒன்றில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. வெளியே சட்டை ஒட்டும் வெயில், உள்ளே தாடி உறையும் குளிர், இரண்டுக்கும் நடுவில் ஒரு கதவு. அந்தக் கதவைத் திறந்து மூடியே இளமை போய்விட்டது என்பார். இனிப் போக மாட்டேன் என்று பெட்டியைப் பரணில் ஏற்றினார். எங்கள் ஊர் கடியப்பட்டணத்துக்குப் பக்கத்தில், கடலை ஒட்டியது. அலைக்குப் பிறகு உதவிக்காரர்கள் புண்ணியத்தில் ஊருக்குச் சின்னப் படகுகள், எங்கள் பேச்சில் வள்ளங்கள், நிறைய வந்திருந்தன. வள்ளத்தைத் தொலைத்தவனுக்கும் வந்தது, கடல் பக்கமே போகாதவனுக்கும் வந்தது. வள்ளம் கூடினால் மீனுக்கு ஐஸ் வேண்டும். அதுவரை குளச்சல் பக்கமிருந்து லாரியில் வந்த ஐஸ் பாதி வழியிலேயே ரோட்டுக்கு ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டு வரும். ஆகவே அத்தான் ஊரிலேயே ஓர் ஐஸ் பிளாண்ட் போட்டார். என்னை மேனேஜர் ஆக்கினார். போன் எடுப்பது என் வேலை. கவலைப்படுவதை நானாகச் சேர்த்துக்கொண்டேன்.

திறப்பு நாளில் பங்குச் சாமியார் வந்து கம்ப்ரசருக்குத் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனதும் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"லேய், நல்லா கேட்டுக்க. இது ஓடினா இவரு இங்க இருப்பாரு. நின்னா பிளேன் ஏறுவாரு. வேற எதப் பத்தியும் நீ பேடிக்காண்டாம். இத மட்டும் பேடி."

பேடி என்றால் எங்கள் ஊரில் பயம். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருத்தி என் திறமையை நம்பி ஒரு பொறுப்பைக் கொடுத்தாள்.

ஐஸ் உண்டாகிற விதத்தைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் என் பயம் உங்களுக்குப் பிடிபடாது. தரைக்கடியில் ஒரு பெரிய தொட்டி, அதில் உப்புக் கரைசல். அதைக் குளிர வைப்பது அமோனியா என்கிற வாயு. குழாய்களுக்குள் அதை ஓட்டுவது கம்ப்ரசர். நல்ல தண்ணீரை நீளமான தகரப் பெட்டிகளில் ஊற்றி அந்தக் கரைசலில் இறக்கிவிடுவோம். தண்ணீர் ஓரத்திலிருந்து உறைய ஆரம்பித்து மெல்ல மெல்ல நடுவுக்கு வரும். அதற்கு ஒரு முழு நாளுக்கு மேல் பிடிக்கும். நடு உறைவதுதான் கடைசி. அதற்கு முன்னால் கரண்ட் போய்ப் போய் வந்தால், வெளியே பார்க்க வைரம் மாதிரி இருக்கும், உள்ளே வெறும் தண்ணீர். தூக்கித் தோளில் வைத்தால் உள்ளே குலுங்கும். சுமக்கிறவன் முதுகு நனையும். கடலுக்குக் கொண்டுபோனால் இரண்டாம் நாளே கரைந்து, மீன் கண் சிவந்து கரைக்கு வரும். எங்கள் ஊர்க்காரர்கள் ஐஸ் வாங்க வந்தால் தேங்காய் வாங்குகிற மாதிரிக் காதோரம் வைத்துத் தட்டிப் பார்ப்பார்கள். சத்தம் சரியில்லை என்றால் ஐஸைப் பற்றிப் பேச மாட்டார்கள், விற்கிறவனைப் பற்றிப் பேசுவார்கள்.

ஆரம்பத்தில் எல்லாம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு இரண்டாயிரத்து எட்டு வாக்கில் கரண்ட் போகத் தொடங்கியது. முதலில் விருந்தாளி மாதிரி எப்போதாவது போனது. பிறகு வேலைக்குப் போகிறவன் மாதிரி தினமும் நேரத்துக்குப் போனது. நாலைந்து வருடத்தில், வந்தால்தான் ஆச்சரியம் என்று ஆகிவிட்டது. எங்களைப் போல உயர் அழுத்தக் கரண்ட் எடுக்கிறவர்களுக்குத் தனி மரியாதை: வழக்கமாக எடுப்பதில் இவ்வளவுக்கு மேல் தொடக் கூடாது, சாயங்காலம் ஊரெல்லாம் விளக்குப் போடுகிற நேரத்தில் மோட்டாரே ஓட்டக் கூடாது, மீறினால் அபராதம். சோற்றுக்கு முன்னால் உட்கார வைத்து, இந்தப் பக்கம் மட்டும் சாப்பிடு என்று சொல்வது மாதிரி. தண்ணீருக்கு இந்த விதியெல்லாம் தெரியாது. அது தன் பாட்டுக்கு நடுவில் உறையாமல் இருந்தது.

நாகர்கோவிலில் ஒரு ஓட்டல் மாடியில் கூட்டம் போட்டார்கள். சின்னத் தொழில் செய்கிறவர்கள் எல்லாம் வரலாம் என்று தகவல் வந்தது. அத்தானும் நானும் போனோம். கோட்டுப் போட்ட ஒருவர் சென்னையிலிருந்து வந்திருந்தார். இனிமேல் கரண்டும் ஒரு சரக்குதான், வெங்காயம் மாதிரி, அதற்குச் சந்தை இருக்கிறது, காலையில் விலை கேட்டு நாளைக்கு வேண்டியதை இன்றைக்கே வாங்கலாம், எந்த மாநிலத்திலிருந்தும் வாங்கலாம் என்று திரையில் படம் படமாகக் காட்டினார். நடுவில் கரண்ட் போனது. அந்த ஓட்டலில் ஜெனரேட்டர் உடனே எடுத்துக்கொண்டதால் யாருக்கும் தெரியவில்லை. மேலே விசிறி ஒரு கணம் யோசித்ததை நான் மட்டும் பார்த்தேன்.

அத்தான் எழுந்து, நாங்களும் வாங்கலாமா என்று கேட்டார். கோட்டுக்காரர் எங்கள் மோட்டார் கணக்கைக் கேட்டுவிட்டு மிகவும் பணிவாகச் சிரித்தார். நீங்கள் ரொம்பச் சின்னவர்கள் சார், அந்தச் சந்தைக்குள் நுழைய ஒரு அளவு இருக்கிறது, மில் மாதிரி பெரிய ஆளாக இருக்க வேண்டும் என்றார். இன்னொருவர், பெரிய ஆளாக இருந்தால் வடக்கேயிருந்து வந்துவிடுமா என்று கேட்டார். வடக்கே நிறைய இருக்கிறது, இங்கே கொண்டுவருகிற லைனில்தான் இடமில்லை என்று பதில் வந்தது. பிறகு முந்திரி போட்ட கேசரி கொடுத்தார்கள். அத்தான் தன் பங்கைக் காகிதத்தில் பொதிந்து அக்காவுக்குக் கொண்டுவந்தார். அந்தச் சந்தையிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்த ஒரே சரக்கு அதுதான்.

காற்றாலைகளைப் பற்றிச் சொல்லாமல் போனால் எங்கள் மாவட்டத்தில் யாரும் என்னை மதிக்க மாட்டார்கள். ஒரு ஆடி மாதம் திருநெல்வேலி போகிற வழியில் ஆரல்வாய்மொழியில் பஸ்ஸை விட்டு இறங்கினோம். நின்றால் வேட்டி கழன்று ஓடுகிற காற்று. அந்தக் காற்றில் சில விசிறிகள் சுற்றின, சில சும்மா நின்றன. ரிப்பேரா என்று காவலுக்கு இருந்தவரிடம் கேட்டேன். இல்லை, நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள், உண்டாகிற கரண்டை எடுத்துக்கொண்டு போக லைன் தாங்கவில்லை என்றார். யாருடையது என்று கேட்டதற்கு, கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில், முதலாளியைத் தான் பார்த்ததில்லை என்றார்.

அத்தான் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். அவர் மனதில் ஓடியது எனக்குத் தெரியும், ஏனென்றால் எனக்கும் அதுதான் ஓடியது. இந்தக் காற்று அடிக்கிற ஆனி, ஆடியில்தான் எங்கள் கடலில் விசைப்படகுக்குத் தடை. வள்ளமும் அலைக்குப் பயந்து கரையில் கிடக்கும். ஐஸ் கேட்க ஆளிருக்காது. அப்போது கரண்ட் ஓரளவு ஒழுங்காக வரும். ஐப்பசி வந்தால் கடல் அடங்கும், படகெல்லாம் இறங்கும், கணவாயும் சாளையும் குவியும். காற்று நிற்கும், கரண்டும் நிற்கும். மீன் இருந்தால் கரண்ட் இல்லை, கரண்ட் இருந்தால் மீன் இல்லை. இவ்வளவு நுணுக்கமாக நம்மைக் கெடுக்க ஒரு அதிகாரியால் முடியாது, இதில் இயற்கையின் ஒத்துழைப்பும் இருக்கிறது என்று அத்தானிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பஸ்ஸில் வரும்போது ஒரு ஜெனரேட்டர் வாங்கப் போவதாகச் சொன்னார்.

ஜெனரேட்டர் பழையது. எங்கேயோ ஒரு தியேட்டரில் இருந்தது. அது ஓட ஆரம்பித்தால் எங்கள் தெரு முழுக்கச் சண்டைக் காட்சி மாதிரி இருக்கும். சத்தத்தைக்கூட ஊர் பொறுத்துக்கொண்டது. புகைதான் பிரச்சினை. பிளாண்டுக்குப் பின்னால் மணலில் பெண்கள் பாய் விரித்து நெத்திலி காயப்போடுவார்கள். வெள்ளி மாதிரி மின்னுகிற நெத்திலி எங்கள் ஜெனரேட்டர் வந்த பிறகு கரித்துண்டு மாதிரி ஆனது. அவர்களில் முக்கியமானவள் எங்கள் அடுத்த வீட்டு மைனி. உறவு ஒன்றும் கிடையாது, கடலில் கணவனை இழந்தவள், மூன்று பிள்ளைகள், ஊரே அண்ணி முறை வைத்து மைனி என்று கூப்பிடும். ஒரு நாள் ஒரு கைப்பிடி நெத்திலியை என் மேஜையில் வைத்து விரலால் தேய்த்துக் காட்டினாள். விரல் கறுத்தது.

"தம்பி, இத நீ திம்பியா?"

கழுவித் தின்னலாம் என்றேன். கழுவினால் கருவாடு மறுபடியும் மீனாகிவிடும், உனக்கு அந்த அறிவுகூட இல்லையா என்று கேட்டுவிட்டுப் போனாள். அன்றிலிருந்து ஜெனரேட்டர் போடும்போதெல்லாம் நான் ஓடிப்போய்ப் பாயை மூடச் சொல்வேன். மேனேஜர் வேலையில் அதுவும் சேர்ந்தது.

இப்படி இருக்கும்போதுதான் உலை வந்தது. கிழக்கே, பக்கத்து மாவட்டத்துக் கடற்கரையில் வெகு நாளாகக் கட்டிக்கொண்டிருந்த அணுமின் நிலையத்துக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். ஜப்பானில் கடல் ஏறி உலை வெடித்ததை இரண்டாயிரத்துப் பதினொன்றில் டிவியில் பார்த்தோம். கடலும் உலையும் ஒரே படத்தில்! என்னைப் போன்ற ஒரு கலைஞனுக்கு இதைவிட என்ன வேண்டும்? அன்றிலிருந்து நான் சோறு குறைத்துப் பேச்சைக் கூட்டினேன். கடற்கரை ஊர்களெல்லாம் கொதித்தன. எங்கள் ஊரிலும் கோயில் மைதானத்தில் பந்தல் போட்டுக் கூட்டம் நடந்தது. கையில் கிடைத்த துண்டறிக்கைகளையெல்லாம் மனப்பாடம் செய்து, ஒரு வாரத்தில் நான் ஊரின் முக்கியப் பேச்சாளன் ஆனேன். பயம் எனக்குத் தாய்மொழி. மற்றவர்கள் கற்றுக்கொண்டுதான் பேச வேண்டும்.

என் கையில் மூன்று வாக்கியங்கள் இருந்தன. கரண்ட் யாருக்கு, ஆபத்து யாருக்கு? ஒன்றும் நடக்காது என்று சொல்கிறவன் அதன் பக்கத்தில் குடியிருப்பானா? நூறு தடவை சரியாக ஓடி ஒரு தடவை தவறினால் அந்த ஒரு தடவைக்கு யார் பொறுப்பு? ஒவ்வொன்றுக்கும் கைதட்டு விழும். மைனி முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டுவாள். கதிர்வீச்சுக்கு நிறமில்லை, மணமில்லை, வந்தால் வந்தது தெரியாது என்று நான் குரலைத் தாழ்த்திச் சொல்லும்போது பிள்ளைகளை மடியில் இழுத்துக்கொள்வாள்.

நக்கலடிக்கவும் ஆட்கள் உண்டு. ஐஸ் எடுக்க வருகிறவர்கள், "ஏம்லே மக்கா, ஒனக்குக் கரண்டும் வேணும், உலையும் வேண்டாம். பின்ன ஐஸ என்ன வாயால ஊதியா உண்டாக்குவ?" என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான். அத்தானிடமும் அதைக் கேட்டார்கள். அவர் மட்டும் மழுப்பாமல் பதில் சொன்னார்: உலை வேண்டாம், கரண்ட் வேண்டும், இரண்டும் உண்மை, இரண்டையும் சேர்த்துப் பிடிக்க எனக்குக் கை போதவில்லை.

நான் சொல்ல வந்த அந்த நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் ஊரில் ஞாயிறு யாரும் கடலுக்குப் போக மாட்டார்கள். திங்கள் விடியும்போது எல்லாப் படகும் ஒன்றாக இறங்கும். ஆகவே ஊருக்கு ஓய்வு நாள்தான் ஐஸுக்கு வேலை நாள். அன்று காலையிலிருந்து கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. அந்தத் தியேட்டர் ஜெனரேட்டர் கம்ப்ரசரை இழுக்க முடியாமல் திணறித் திணறி நின்றது. கொஞ்ச நாளாகவே இப்படித்தான். நின்று நின்று கிளம்புகிற ஒவ்வொரு தடவையும் கம்ப்ரசர் உதறும். அதன் அச்சு வெளியே வருகிற இடத்தில் வாயு கசியாமல் ஒரு அடைப்பு உண்டு. அது தேய்ந்திருக்கிறது, சீசன் முடிந்ததும் மாற்ற வேண்டும் என்று அத்தான் சொல்லியிருந்தார். சீசனில் பிளாண்டை நிறுத்த அவருக்கு மனம் வரவில்லை.

பிற்பகலில் மைதானத்தில் கூட்டம். பூசைக்கு வந்த சனம் அப்படியே மறுபடியும் வந்திருந்தது. கரண்ட் இல்லாததால் மைக் இல்லை. நான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் சரியாகக் கேட்கவில்லை என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். அப்போது கரண்ட் வந்தது. மைக் உறுமியது, கூம்பு ஒலிபெருக்கி விழித்துக்கொண்டது, நான் பிறவிப் பயனை அடைந்தேன். அதே கரண்ட் மைதானத்துக்குக் கிழக்கே இருந்த எங்கள் பிளாண்டிலும் வந்திருக்கிறது. அத்தான் கம்ப்ரசரைப் போட்டிருக்கிறார்.

நான் என் பிரசித்திபெற்ற இடத்துக்கு வந்திருந்தேன். கிழக்கேயிருந்து காற்று வந்தால் நமக்கு எத்தனை நேரம் இருக்கும், யோசித்துப் பாருங்கள் என்று சொல்லி நிறுத்தினேன். நல்ல பேச்சாளன் அங்கே நிறுத்த வேண்டும். அந்த நிறுத்தத்தில் என் கண் எரிந்தது. மூக்கில் ஏதோ ஊசி மாதிரி ஏறியது. முன்வரிசையில் மைனி முந்தானையை மூக்கில் வைத்தாள். ஒரு பிள்ளை இருமியது.

இனி நடந்ததை மறைத்து எனக்கு லாபமில்லை, ஊரே பார்த்தது. ஏழு வருடமாக என் சட்டையில், தலையணையில், தின்கிற சோற்றில்கூட இருந்த வாசனை அது. சலூனில் தலைக்கு மை அடிக்கும்போது வருகிற அதே நெடி. அமோனியா என்று ஊரில் இரண்டே பேருக்கு உடனே தெரிந்திருக்க வேண்டும். ஒருவர் அத்தான், இன்னொருவன் நான். மேலும் கதிர்வீச்சுக்கு மணமில்லை என்று அந்த மேடையிலேயே அந்த வாயாலேயே சொன்னவனும் நான்தான். அதெல்லாம் மூளை இருக்கிறவனுக்கு. நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "வந்துட்டு மக்களே, வந்துட்டு. ஓடுங்க" என்றேன். என் பேச்சு வாழ்க்கையில் அது ஒன்றுக்குத்தான் சனம் நான் சொன்னபடி செய்தது.

யாரோ கோயில் மணியை அடித்தார்கள். வீடுகளில் கதவு சன்னல் சாத்துகிற சத்தம் கேட்டது. துணியை நனைத்து மூக்கில் கட்டுங்கள் என்று நான் முன்பு சொல்லிக் கொடுத்திருந்தேன். சொன்ன காரணம் தப்பானாலும் அன்றைக்கு அது உதவியது. நான் கட்டவில்லை. சாமியார் வீட்டு வாசலில் நின்ற சைக்கிளை எடுத்து மேற்கே மிதித்தேன். கிழக்கே உலை, ஆகவே மேற்கே போக வேண்டும், இதுவரை கணக்கு சரி. மணவாளக்குறிச்சி வந்துதான் நின்றேன். அந்தக் கடற்கரை மணலிலேயே இயற்கையாகக் கதிர்வீச்சு உண்டு என்பது எங்கள் மாவட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். கதிர்வீச்சுக்குப் பயந்து ஓடி அந்த மணலில் மூச்சு வாங்க உட்கார்ந்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். செல்போன் அடித்தது. அக்கா.

"எங்கலே இருக்க?"

"மணவாளக்குறிச்சி."

"உலையும் இல்ல, ஒண்ணும் இல்ல. நம்ம கம்ப்ரசர்லே. அத்தான் ஈரத் துண்டக் கட்டிட்டு உள்ள போயி அடச்சிட்டாரு. கண்ணு ரெண்டும் சிவந்து கெடக்கு. வா."

யாருக்கும் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓட்டத்தில் சிலருக்கு முட்டி பெயர்ந்தது. மைனியின் கடைசிப் பிள்ளையை மட்டும் இருமல் நிற்காமல் ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். அத்தான் அங்கேயே வராந்தாவில் கிடந்தார். அவருடைய இருமலை யாரும் கணக்கில் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு அதே மைதானத்தில், அதே பந்தலில் கூட்டம். இந்தத் தடவை உலைக்கு விடுமுறை, விசாரணை எங்களுக்கு. சாமியார் நடுவில் உட்கார்ந்திருந்தார். அத்தான் எழுந்து, அடைப்பை மாற்றியாயிற்று, புது வால்வு போட்டாயிற்று, வாயு கசிந்தால் அலறுகிற மணி வைக்கப் போகிறேன், இனி நடக்காது என்றார். படகுக்காரர்கள் சிலர் பிளாண்ட் வேண்டும் என்றார்கள். அப்போது மைனி எழுந்தாள். கோபமாக இருந்தால் நான் சமாளித்திருப்பேன். அவள் மெதுவாகப் பேசினாள்.

"சாமி, எனக்குப் பேசத் தெரியாது. இந்தத் தம்பி சொல்லித் தந்ததத்தான் கேக்கேன். கரண்ட் யாருக்கு, ஆபத்து யாருக்குன்னு கேப்பாரு. ஐஸு படகுக்காரனுக்கு. பொக என் நெத்திலிக்கு. கேஸு என் பிள்ளைக்கு. நூறு தடவ சரியா ஓடும், இல்லன்னு சொல்லல. ஒரு தடவ தவறினா யாரு பொறுப்பு?"

ஒருவர், அவர் குடியிருப்பது அந்தப் பிளாண்ட் மதிலை ஒட்டித்தானே, தப்பித்து ஓடவில்லையே என்று அத்தானுக்காகச் சொன்னார். மைனி அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணன் நல்லவருதான். ஆனா அவருக்குப் போவதுக்கு ஒரு ஊரு உண்டு. எனக்கு இந்த மணல விட்டா எங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பதில் சொல்ல வேண்டிய இடம். அந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடையாது என்பதுதான் அவற்றின் சிறப்பு. அதனால்தான் அவற்றைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தேன். உட்கார்ந்த இடத்திலேயே மணலைக் கிளறிக்கொண்டிருந்தேன். என் பேச்சுதான் பிளாண்டை மூடியது என்று நான் சொல்லிக்கொள்ள மாட்டேன். என் பேச்சுக்கு அவ்வளவு சக்தி இருந்திருந்தால் கிழக்கே இருக்கிற உலையைத்தான் அது முதலில் மூடியிருக்க வேண்டும்.

மாசு பார்க்கிற அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். மரியாதையானவர்கள். ஜெனரேட்டர் புகைக்குழாயின் உயரத்தைப் பார்த்தார்கள், சுவருக்கும் வீடுகளுக்கும் உள்ள தூரத்தை நாடா பிடித்து அளந்தார்கள். இவ்வளவு பக்கத்தில் அமோனியா வைக்க அனுமதிக்க முடியாது, வீடுகள் இல்லாத இடமாகப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள் என்றார்கள். எங்கள் கரையில் வீடுகள் இல்லாத இடம் கடல் ஒன்றுதான். நான் அதைச் சொன்னேன். அதிகாரி ஒருவர் சிரித்துவிட்டார். பாவம், நல்ல மனிதர். கையெழுத்துப் போட்ட உத்தரவை மட்டும் மாற்றவில்லை.

அத்தான் கொஞ்ச நாள் இடம் தேடினார். உள்நாட்டில் தென்னந்தோப்பு ஓரமாக ஒன்று பார்த்தார், அங்கேயும் ஊர் கூடியது; எங்கள் ஊர்ச் செய்தி அங்கே முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. பிறகு தேடவில்லை. கம்ப்ரசரை ஒரு பழைய இரும்புக்காரர் வந்து கழற்றிக்கொண்டு போனார். உப்புக் கரைசலை வடித்தார்கள். தகரப் பெட்டிகளைத் தலைகீழாக அடுக்கினார்கள். தியேட்டர் ஜெனரேட்டர் இன்னொரு தியேட்டருக்கே போனது. அதற்காவது போன ஜென்மத்து வாசனை இருந்திருக்கிறது.

பரணிலிருந்து பெட்டி இறங்கியது. அக்கா அழவில்லை. துடைத்து வெயிலில் வைத்தாள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் எதையாவது சொல்லிச் சிரிக்க வைத்திருப்பேன். அதற்கும் வழி விடவில்லை. புறப்படுகிற அன்று மைனி ஒரு பொதி கொண்டுவந்தாள். வெள்ளை வெளேரென்று நெத்திலிக் கருவாடு.

"பொக படாதது. அண்ணன் தைரியமாத் திங்கலாம்" என்றாள். அத்தான் அதை வாங்கிச் சட்டைகளுக்கு நடுவில் வைத்தார். ஐம்பது தாண்டிய மனிதர் மறுபடியும் அதே மாதிரி ஒரு குளிர்கிடங்குக்கு, அதே மாதிரி ஒரு கதவுக்கு. திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போன பிறகு ஒரு தடவை திரும்பிக் கையைக் காட்டினார். இருமிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். கண்ணாடி வழியாகச் சத்தம் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஒன்றிரண்டு வருடத்தில் கரண்ட் நன்றாகிவிட்டது. புது லைன் போட்டார்கள், எங்கெங்கிருந்தோ வாங்கினார்கள், கிழக்கே உலையும் ஓட ஆரம்பித்தது. எந்தக் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று விளக்கைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. அதற்கும் மணமில்லை, நிறமில்லை. ஐஸ் பழையபடி லாரியில் வருகிறது, ரோட்டை நனைத்துக்கொண்டு. மூடின கட்டிடத்தில் இப்போது வலை போட்டு வைத்திருக்கிறார்கள். அதன் முன்னறையில் அக்காவுக்கு ஒரு சின்னப் பெட்டிக்கடை வைத்துக் கொடுத்திருக்கிறேன். நான் மேனேஜர்.

அத்தான் வெள்ளிக்கிழமை கூப்பிடுவார். அங்கே அன்று விடுமுறை. அக்கா எப்போதும் ஒரே கேள்விதான் கேட்பாள், உள்ளே ரொம்பக் குளிருதா என்று. என்னிடம் போனைக் கொடுத்தால் நான், அத்தான், அங்கே கரண்ட் போகுமா என்று கேட்பேன். போன வாரமும் கேட்டேன்.

"இங்க கரண்டே போவாதுலே" என்றார். பெருமையாகச் சொன்னாரா என்று தெரியவில்லை.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே இங்கே கரண்ட் போனது. இப்போதெல்லாம் அபூர்வம், எங்காவது மரக்கொப்பு முறிந்து லைனில் விழுந்திருக்கும். கடையில் விசிறி மெல்ல நின்றது. என் காலுக்கு அது போதும். போனை மேஜையில் போட்டுவிட்டு எழுந்து பின்பக்கம் ஓடினேன், ஜெனரேட்டரைப் போட. போகிற போக்கில் மைனியிடம் பாயை மூடச் சொல்லிக் கத்தியும் விட்டேன். மைனி நெத்திலிப் பாய்க்கு நடுவில் நிமிர்ந்து பார்த்தாள்.

ஜெனரேட்டர் இருந்த இடத்தில் எண்ணெய் ஊறிய சிமெண்டுத் திட்டு மட்டும் இருந்தது. அதன்மேல் யாரோ வெங்காய வடகம் காயப்போட்டிருந்தார்கள்.

கடைக்குள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது. "எங்கலே ஓடுத?"

போனில் அத்தான் இன்னும் ஹலோ ஹலோ என்று கேட்டுக்கொண்டிருந்திருப்பார். நான் அந்தத் திட்டின் பக்கத்தில் நின்றேன். கரண்ட் வருகிற வரைக்கும் அங்கேயே நின்றேன்.